காய்கிற எண்ணெய்

தங்கப்பழம் மத்தியானச் சாப்பாட்டுக்கு மாடியேறி வருவதை விட்டுக் கொஞ்ச நாள் ஆகியிருந்தது. கேட்டால் கடையில் ஆளில்லை என்பான். இல்லாவிட்டால் எள்ளு மூட்டை இறங்குகிறது என்பான். சங்கரன்கோவிலில் ராஜபாளையம் சாலையோரம் கீழே அவனுடைய செக்கு எண்ணெய்க் கடை, மேலே வீடு. கீழேதானே இருக்கிறான் என்று எப்சிபாவும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சோற்றைத் தூக்குவாளியில் போட்டு, மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து கயிற்றில் கட்டி இறக்குவாள். கீழிருந்து கயிறு ஆடினால் வாளியை எடுத்துக்கொண்டான் என்று அர்த்தம். அவள் திரும்பிப்போய்ப் படம் வரைய உட்கார்ந்துவிடுவாள்.

அன்றைக்குக் கயிறு ஆடவில்லை. எட்டிப் பார்த்தாள். வாளி கடை வாசலில் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. செக்கு ஓடும் சத்தமும் இல்லை. கையில் இருந்த சாயத்தைக்கூடத் துடைக்காமல் கீழே இறங்கினாள்.

எண்ணெய் டின்களுக்குப் பின்னால் ஒரு காலிச் சாக்கின்மேல் தங்கப்பழம் குனிந்து உட்கார்ந்திருந்தான். முழங்காலில் கையை ஊன்றி, வாயில் இன்ஹேலரை வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தான். மூச்சை விடும்போது நெஞ்சுக்குள்ளிருந்து மெல்லிய விசில் ஒன்று வந்தது. அவளைக் கண்டதும் இன்ஹேலரைச் சட்டைப் பையில் போடப் பார்த்தான். பை இல்லாத பனியன் என்பது பிறகுதான் அவனுக்கு நினைவு வந்தது.

"இது எப்ப இருந்து?"

"வெயில் காலத்துல இருந்து."

"டாக்டர்கிட்டப் போனியளா?"

"போனேன். பிண்ணாக்குத் தூசியான்னு கேட்டாரு. பொறந்ததுல இருந்து பிண்ணாக்குலதான் கெடக்கேன், அதுக்கு ஒண்ணும் செய்யாதுன்னேன். அப்ப எங்கன போனா மூச்சு இழுக்குன்னு கேட்டாரு."

"எங்கன போனா இழுக்கு?"

தங்கப்பழம் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தான். கூரைக்கு மேலே இருப்பது அவளுடைய அறை.

எப்சிபா எதிரே இருந்த கடலை மூட்டைமேல் உட்கார்ந்தாள். "ஏன் சொல்லல?"

"சொன்னா வரையுறத நிப்பாட்டிருவ."

"நிப்பாட்டுனா என்ன?"

"என்னவா? சும்மா இருப்பியா நீ? இங்கன வந்து கல்லாவுல உட்கார்ந்துட்டு, அந்த டின்ன இங்க வையுங்க, இந்த டின்ன அங்க வையுங்கன்னு சொல்லுவ. அதுக்கு இந்த இழுப்பே பரவால்ல."

அவள் சிரிக்கவில்லை. சிரிக்க வைக்கத்தான் சொன்னான் என்பது தெரிந்ததால் சிரிப்பு வரவில்லை. தன் வீட்டுச் சோற்றைத் தன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட முடியாமல் ஒருவன் இத்தனை நாள் கயிற்றை ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.

எப்சிபா கல்யாணத்துக்கு முன்பு ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியையாக இருந்தவள். இப்போதும் ஊரில் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். எண்ணெய்ச் சாயத்தில் மனிதர்களின் முகத்தை வரைவது அவள் தொழில். கல்யாணப் படம், தேவாலயத்துக்குப் போதகர் படம், இறந்தவர்களின் படம். வருகிற வேலையில் பாதிக்கு மேல் இறந்தவர்கள்தான்.

அந்த அறையில் இரண்டு சன்னல்கள் உண்டு. இரண்டையும் அவள் சாத்தித்தான் வைத்திருந்தாள். ஆனி, ஆடியில் இந்தப் பக்கம் அடிக்கிற காற்று வெறும் காற்றல்ல. மேற்கே உள்ள புஞ்சைகளில் உழுதுபோட்ட மண்ணையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வரும். ஈரமான எண்ணெய்ப் படத்தில் அது விழுந்தால், காலையில் மணப்பெண்ணாக இருந்தவள் சாயங்காலம் களையெடுத்துவிட்டு வந்தவள் போல இருப்பாள். ஆகவே சன்னலைச் சாத்தினாள், அப்புறம் திறக்கவே இல்லை. சாத்திய அறைக்குள் டர்பன்டைன் கிண்ணம் திறந்து கிடந்தது.

டர்பன்டைன் ஏன் வேண்டும் என்றால், குழாயிலிருந்து பிதுக்கிய எண்ணெய்ச் சாயம் வெண்ணெய் போலக் கெட்டியாக இருக்கும். அதை இளக்கவும், தூரிகையைக் கழுவவும் டர்பன்டைன் வேண்டும். அது பைன் மரப்பிசினை வடித்து எடுப்பது. சாயத்தை இளக்கிவிட்டு, தன் வேலை முடிந்ததும் ஆவியாகிப் போய்விடும். அதுதான் அதன் சௌகரியம். ஆனால் 'போய்விடும்' என்றால் எங்கே போகும்? கேன்வாஸை விட்டுப் போனது அறைக்குள் வரும். அறையை விட்டு வெளியேற வழியில்லாவிட்டால் அங்கே மூச்சு விடுகிறவனின் நெஞ்சுக்குள் போகும். எப்சிபாவுக்குப் பல வருஷப் பழக்கத்தில் அந்த வாசனையே தெரியாமல் போயிருந்தது. சாயங்காலம் வருகிற தலைவலிக்கு அவள் வெயிலைக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாடிக்குப் போனதும் முதல் வேலையாகக் கிண்ணத்திலிருந்த டர்பன்டைனைக் குப்பியில் ஊற்றி மூடினாள். பக்கத்தில் இருந்த லின்சீட் குப்பியையும் எடுத்தாள். அது ஆளிவிதை எண்ணெய். இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்துதான் அவள் இத்தனை காலம் சாயத்தில் சேர்த்து வந்தாள். கலந்தே பழகியதால், முகர்ந்து பார்த்தபோது எது எதனுடைய வாசனை என்று பிரிக்கத் தெரியவில்லை. எல்லாமே ஒரே நாற்றமாகத் தோன்றியது. இரண்டையும் ஒரு பையில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் வைத்தாள்.

சாய டப்பாவையும் கொட்டிப் பார்த்தாள். வெள்ளைச் சாயத்தில் ஒன்று பழைய ஈய வெள்ளை, வயிற்றுக்குள் போனால் நஞ்சு. காய்ந்த பிறகு கிடந்தால் பரவாயில்லை, ஆனால் தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்குகிற பழக்கம் அவளுக்கு உண்டு. சாயக் கையோடு முறுக்கை எடுத்துக் கடிக்கிற பழக்கமும் உண்டு. அதை ஒதுக்கிவிட்டு டைட்டானியம் வெள்ளையை வைத்துக்கொண்டாள். அதே போல நஞ்சான காட்மியம் சிவப்பு, மஞ்சளுக்குப் பதில் மண் நிறங்கள் போதும் என்று தீர்மானித்தாள். நம் ஊர் முகங்களுக்கு மண் நிறங்களே முக்கால்வாசி வேலையைச் செய்துவிடும்.

"இனிமே டர்பன்டைன் இந்த வீட்டுக்குள்ள வராது" என்றாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது. "அது இல்லாம வரைய முடிஞ்சா வரையுதேன். முடியலேன்னா மூட்டை கட்டிருதேன்."

"எதை வச்சு இளக்குவ?"

"அதான் தெரியல."

தங்கப்பழம் தோசையை விண்டபடி யோசித்தான். அவன் முகம் மெல்ல மலர்ந்தது. "ஏட்டி, சாயத்துல ஏற்கெனவே இருக்கது எண்ணெய்தான?"

"ஆமா."

"எண்ணெய்க்கடைக்காரன் பொண்டாட்டி எண்ணெய்க்கு அலையுதா. நல்லா இருக்கு கதை."

மறுநாள் காலையில் ஒரு பித்தளைச் செம்பு நிறைய, தெளியவைத்து வடிகட்டிய நல்லெண்ணெயைக் கொண்டுவந்து அவள் மேசைமேல் வைத்தான். கருப்பட்டி போட்டு ஆட்டிய எண்ணெய். சன்னல் இடுக்கில் வந்த வெளிச்சம் பட்டு அது தேனைப் போல மின்னியது.

அந்தச் சமயத்தில் எப்சிபாவின் கையில் இருந்தது கோமதித்தாயின் படம். பனவடலிசத்திரத்தில் நிலபுலன் உள்ள சங்கரசுப்பு அண்ணாச்சியின் மனைவி. போன ஆவணியில் காலமானவர். தலைத் திவசத்துக்குப் படத்தை வீட்டில் மாட்ட வேண்டும் என்று சங்கரசுப்பு கேட்டிருந்தார். கல்யாண வீட்டில் எடுத்த ஒரு புகைப்படம்தான் இருந்தது. அதில் கோமதித்தாய் யாரையோ ஏசப்போகிறவர் போலவும், ஏசாமல் சிரித்துவிடப்போகிறவர் போலவும் இருந்தார். அந்த இரண்டுக்கும் நடுவில் முகத்தைப் பிடிப்பதற்குத்தான் எப்சிபா இத்தனை நாள் பாடுபட்டாள். டர்பன்டைனில் கரைத்து மெல்லிசாகப் போட்ட அடிப்படம் முன்பே காய்ந்திருந்தது. இனி மேலே நிறம் ஏற்ற வேண்டும்.

நல்லெண்ணெய் சேர்த்ததும் சாயம் அவள் சொன்னபடியெல்லாம் கேட்டது. கன்னத்தில் ஒரு நிறமும் இன்னொரு நிறமும் சேருகிற இடம் தெரியாமல் வழுக்கிக்கொண்டு கலந்தது. தூரிகையை நல்லெண்ணெயிலேயே முக்கி, அலசி, துணியில் துடைத்துவிட்டு அடுத்த நிறத்தைத் தொட்டாள். அறையில் டர்பன்டைன் வாடை போய்ச் சமையல் வாடை வந்தது. பக்கத்துத் தையல்கடை ஆபிதா பானு மாடிப்படியில் நின்று குரல் கொடுத்தாள்.

"என்னக்கா, பணியாரமா? வாசம் தெருவத் தூக்குது. எனக்கு ரெண்டு எடுத்து வையுங்க."

"பணியாரம் இல்ல ஆபிதா, பனவடலி அண்ணாச்சி சம்சாரம்."

"அவுகளையா எண்ணெயில போட்டுப் பொரிக்கிய?"

தங்கப்பழம் மத்தியானம் மாடிக்கு வந்தான். வாசலில் நின்று, தண்ணீரில் காலை வைத்துப் பார்க்கிறவன் மாதிரி மூச்சை இழுத்துப் பார்த்தான். விசில் இல்லை. உள்ளே வந்து உட்கார்ந்து சாப்பிட்டான். தூக்குவாளி கழுவப்பட்டு அடுக்களைப் பரணுக்குப் போனது.

ஒரு வாரம் கழித்து எப்சிபா கோமதித்தாயின் தோளைச் சுண்டுவிரலால் தொட்டுப் பார்த்தாள். விரலில் நீலம் ஒட்டியது. சீலையின் நீலம். சரி, கெட்டியாகப் போட்ட இடம், இன்னும் ரெண்டு நாள் ஆகும் என்று விட்டாள். அதற்கடுத்த வாரமும் ஒட்டியது. ஒருநாள் காலையில் பார்த்தால் கோமதித்தாயின் தாடையோரமாக எறும்புகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. முன்னால் போன ஒன்றிரண்டு, கன்னத்தின் ஈரத்தில் கால் மாட்டி நின்றிருந்தன.

அவற்றை ஊசிமுனையால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் சங்கரசுப்பு அண்ணாச்சி வந்துவிட்டார். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் உர மூட்டை ஏற்ற வண்டி கிடைக்கவில்லை, அப்படியே படத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், படத்துக்கு முன்னால் வந்ததும் நின்றார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"என்னைய ஏசப்போறா" என்றார் கடைசியில்.

பிறகு மூக்கை உறிஞ்சினார். "நல்லெண்ணெய் மணம் வருதே டீச்சர். வெள்ளிக்கிழமை தலைக்குத் தேச்சிட்டு, ஈரத் தலையோட வந்து நிப்பாள்லா. அதே மணம்."

எப்சிபா ஊசியைப் படத்துக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"கண்ணாடி போட வேண்டாம் டீச்சர். எங்க வீட்டு நடையில வெளிச்சம் பட்டு மூஞ்சியே தெரியாது. சும்மா மாட்டி, திவசத்தன்னைக்குச் சந்தனம் குங்குமம் பொட்டு வைக்கணும். முதப் பொட்டு நாந்தான் வைக்கணும்னு பிள்ளைக சொல்லுது. அதுக்குள்ள காஞ்சிரும்லா?"

"காஞ்சிரும் அண்ணாச்சி" என்றாள். அவர் படியிறங்கிப் போனபிறகு, தான் சொன்னது உண்மையில்லை என்று நினைத்து அப்படியே நின்றாள். ஈரச் சாயத்தின்மேல் அவர் விரலை வைத்தால் நெற்றி கலைந்துவிடும். குங்குமமும் சாயமும் குழம்பி அவர் விரலோடு வரும். சொந்தக்காரர்கள் நிறைந்த வீட்டில், அத்தனை பேர் பார்க்க.

தங்கப்பழத்திடம் சொன்னாள். அவன் படத்தைப் பார்த்தான்.

"பழைய மாதிரி டர்பன்டைன் போட்டு முடிச்சிரு. இந்த ஒரு படத்துக்குத்தான. நான் கடையில படுத்துக்கிடுதேன்."

"இந்த ஒரு படத்துக்குன்னு சொல்லுவிய. அடுத்தது வந்தா அதுக்கும் அதையேதான் சொல்லுவிய."

"சொல்லுவேன். என்ன இப்ப?"

"தூக்குவாளி பரண்ல இருக்கு. அது அங்கனயே இருக்கட்டும்."

ஆனாலும் வேறு வழி தெரியாமல் அவள் மொட்டைமாடிக்குப் போய்ப் பையை எடுத்துவந்து, வெளியிலேயே படிக்கட்டில் உட்கார்ந்து அவிழ்த்தாள். டர்பன்டைன் குப்பியின் மூடி எளிதாகச் சுழன்றது. வாடை மேலே வரும் முன் மூடிவிட்டாள். லின்சீட் குப்பியின் மூடி திறக்கவே இல்லை. சேலை முந்தானையைச் சுற்றித் திருகிப் பார்த்தாள். அசையவில்லை.

"இங்கன கொடு" என்று தங்கப்பழம் வாங்கி, குறட்டால் பிடித்துத் திருகினான். படக்கென்று ஒரு சத்தத்தோடு திறந்தது. குப்பியின் கழுத்தைச் சுற்றி மஞ்சளாக ஒரு வளையம், உலர்ந்த கோந்து மாதிரி, நகத்தால் கீறினால் சுருள் சுருளாக வந்தது. அவன் அதை விரலில் உருட்டிப் பார்த்தான்.

"இது எண்ணெய்தானட்டி?"

"ஆமா. ஆளிவிதை."

"என் கடையில எத்தனை டின் இருக்கு. ஒரு மூடியாவது இந்த மாதிரி ஒட்டி நான் பாத்ததில்லையே. மூடியில வழிஞ்சது வழிஞ்சாப்லயே கெடக்கும். வருசம் ஆனாலும் பிசுபிசுன்னுதான் இருக்கும்."

எப்சிபா அவன் விரலிலிருந்த சுருளையே பார்த்தாள். பிறகு எழுந்து ஓடாத குறையாக அறைக்குப் போய், படச்சட்டத்துக்கு வாங்கி மிச்சம் வைத்திருந்த ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து வந்தாள். "கடையில இருக்க எண்ணெயில எல்லாம் ஒரு சொட்டு வேணும்" என்றாள்.

தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், நல்லெண்ணெய், விளக்குக்கு விற்கிற ஆமணக்கெண்ணெய், கடைசியில் ஆளிவிதை எண்ணெய் என்று வரிசையாகக் கண்ணாடியில் ஒவ்வொரு சொட்டு வைத்து, விரலால் மெல்லிசாகப் பரத்தினார்கள். தூசி விழாமல் இருக்க மேலே மாவுச் சல்லடையைக் கவிழ்த்து, மொட்டைமாடியில் வைத்தார்கள். தங்கப்பழம் கடைக்கு வருகிறவர்களை நிறுத்திவைத்துவிட்டு, அவ்வப்போது மேலே போய்ச் சல்லடையைத் தூக்கிப் பார்த்தான்.

சில நாளில் ஆளிவிதை எண்ணெய் இருந்த இடத்தில், காய்ச்சிய பாலின்மேல் படியும் ஆடையைப் போல ஒரு தோல் இருந்தது. விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. மற்ற நான்கும் அன்றைக்கு வைத்தது போலவே பளபளத்துக்கொண்டு கிடந்தன.

துணி காய்வதும் எண்ணெய் காய்வதும் ஒன்றல்ல என்பது எப்சிபாவுக்கு அந்தக் கண்ணாடித் துண்டில்தான் புரிந்தது. துணியிலிருந்து தண்ணீர் வெளியே போகிறது. ஆளிவிதை எண்ணெயிலிருந்து ஒன்றும் வெளியே போவதில்லை. காற்றுத்தான் உள்ளே வருகிறது. அந்த எண்ணெயின் நுண்ணிய இழைகளில் கொக்கி போன்ற இடங்கள் நிறைய உண்டு. அவை காற்றிலிருக்கும் ஆக்சிஜனைப் பிடித்து, ஒரு இழையோடு இன்னொரு இழையாகக் கோத்துக்கொண்டே போய் ஒரு வலையாகிவிடும். நிறப்பொடி அந்த வலைக்குள் மாட்டிக்கொள்ளும். நல்லெண்ணெயில் கொக்கிகள் குறைவு. மாதக்கணக்கில் வைத்தாலும் பிசுக்காகுமே தவிர இறுகாது. தேங்காய் எண்ணெயில் அநேகமாகக் கிடையாது. அதனால்தான் அதைத் தலைக்குத் தேய்க்க முடிகிறது. ஆளிவிதை எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு காயவிட்டால் அப்புறம் சீப்பு ஓடாது.

ஆக, டர்பன்டைன்மேல் இருந்த கோபத்தில் ஆளிவிதை எண்ணெயையும் சேர்த்துத் துரத்தியதுதான் தப்பு. நெஞ்சை அடைத்தது ஒன்று. காய வைத்தது இன்னொன்று. ஒரே கிண்ணத்தில் இருந்ததால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிட்டாள்.

"இதை மோந்து பாருங்க" என்று திறந்த குப்பியை நீட்டினாள்.

தங்கப்பழம் எச்சரிக்கையாக முகர்ந்தான். இன்னொரு முறை நன்றாக இழுத்தான். "நனைஞ்ச வைக்கோல் வாடை. வேற ஒண்ணும் செய்யல." பிறகு கொஞ்சம் கசப்போடு கேட்டான், "அப்ப நம்ம எண்ணெய் மட்டம்னு சொல்லுத?"

"காயாம இருக்கதுதான் உங்க எண்ணெய்க்கு மதிப்பு. காஞ்சு போச்சுன்னா எவன் வாங்குவான்?"

"அது சரிதான்" என்றான், முழுச் சமாதானம் ஆகாமல்.

எப்சிபா கோமதித்தாயின் படத்தைக் கீழே கிடத்தினாள். மழுங்கிய கத்தியால் ஈரச் சாயத்தை மெதுவாக வழித்தாள். நீலமும் மாநிறமும் கத்தியில் குழைந்து குழைந்து வந்தன. பிறகு பழைய வேட்டித் துணியில் ஒற்றி எடுத்து, சவுக்கார நுரையைத் தொட்டுத் துடைத்து, வெறும் தண்ணீரால் துடைத்து உலரவிட்டாள். எண்ணெய்ப் பசை மிச்சம் இருந்தால் மேலே போடுவது பிடிக்காது. எல்லாம் போனபிறகு, பழுப்பு நிற அடிப்படத்தில் அந்த அம்மா ஏசுவதா சிரிப்பதா என்ற அதே முகத்தோடு சேதமில்லாமல் இருந்தார். எப்சிபா மூச்சு விட்டாள்.

இந்த முறை சாயத்தில் ஒன்றையும் கலக்காமல் குழாயிலிருந்து எடுத்து, கெட்டித் தூரிகையால் தேய்த்து மெல்லிசாகப் போட்டாள். மேல் பூச்சுக்கு மட்டும் ஆளிவிதை எண்ணெய், அதுவும் கத்தி முனையில் தொட்டு. கீழே எண்ணெய் குறைவாகவும் மேலே சற்றுக் கூடுதலாகவும் இருந்தால்தான் பின்னால் வெடிக்காது. தலைமயிருக்கும் பின்னணிக்கும் கறுப்பை விட்டுவிட்டு அம்பர் என்கிற பழுப்பு மண்ணை எடுத்தாள். அந்த மண்ணிலேயே மாங்கனீஸ் உண்டு. அது எண்ணெய் காற்றைப் பிடிப்பதை வேகப்படுத்திவிடும். மற்ற நிறம் ஒரு வாரம் எடுத்துக்கொண்டால் அது ஓரிரு நாளில் காயும்.

நல்லெண்ணெய்ச் செம்பையும் அவள் திருப்பிக் கொடுக்கவில்லை. தூரிகை கழுவ அதை வைத்துக்கொண்டாள். முதலில் துணியில் துடைப்பது, நல்லெண்ணெயில் அலசிச் சாயத்தை இளக்குவது, பிறகு சவுக்காரக் கட்டியில் தேய்த்து, நுரை வெள்ளையாக வரும்வரை தண்ணீரில் கழுவுவது. கடைசிப் படியை விட்டால் தூரிகை மயிருக்குள் ஒளிந்திருக்கும் நல்லெண்ணெய் மறுபடி படத்துக்கு வந்துவிடும்.

"என் எண்ணெய்க்குக் கடைசில பாத்திரம் கழுவுற வேலை" என்றான் தங்கப்பழம்.

"வேலையாவது கிடைச்சுதே."

ஒருநாள் சாயம் துடைத்த துணிகளையெல்லாம் ஒரு வாளியில் அமுக்கி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கையை விட்டவள் வெடுக்கென்று எடுத்தாள். உள்ளே அடைகாக்கிற கோழியின் வயிற்றடி மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. எண்ணெய் காற்றைப் பிடிக்கும்போது சூடும் பிறக்கிறது. விரித்துப் போட்டால் சூடு போய்விடும். சுருட்டிவைத்தால் உள்ளேயே ஏறிக்கொண்டு போய்த் தீயே பிடிக்கும். கீழே எண்ணெய்க்கடை. அன்றிலிருந்து துணிகளைத் தண்ணீரில் நனைத்து, மொட்டைமாடிக் கொடியில் ஒவ்வொன்றாக விரித்துப் போட்டாள். தெருவில் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்தால், பல நிறத்தில் அழுக்கான கைக்குட்டைகள் வரிசையாக ஆடுவது தெரியும்.

சன்னலுக்கும் ஒரு வழி பிறந்தது. படம் காய்வதற்குக் காற்று வேண்டும். காற்றோடு மண் வேண்டாம். தங்கப்பழம் எண்ணெய் வடிகட்டுகிற நெருக்கமான வெள்ளைத் துணியை இரண்டு சட்டத்தில் இழுத்துக் கட்டி, சன்னல்களில் பொருத்திக் கொடுத்தான். "மண்டியையே நிப்பாட்டுற துணி, மண்ண நிப்பாட்டாதா?" என்றான். பல வருஷத்துக்குப் பிறகு அந்த அறைக்குள் காற்று நடமாடியது. துணி உள்பக்கம் உப்பி உப்பித் தணிந்தது. சில நாளில் அதன் வெளிப்பக்கம் செம்பழுப்பாகிவிட்டது. படத்தில் ஒரு பொட்டுத் தூசி இல்லை.

திவசத்துக்கு முந்தின நாள் சங்கரசுப்பு அண்ணாச்சி வேன் கொண்டுவந்தார். எப்சிபா அதற்கும் முந்தின நாளே படத்தின் கீழ் மூலையில் கொஞ்சம் குங்குமம் வைத்துத் துடைத்துப் பார்த்திருந்தாள், ஒட்டவில்லை. ஆனால் மூலை என்பது அம்பர். நெற்றி என்பது வெள்ளை கலந்த நிறம். அது தாமதமாகக் காயும். நெற்றியில் வைத்துப் பார்க்க அவளுக்குக் கை வரவில்லை. முதல் பொட்டு அவருடையது.

சங்கரசுப்பு படத்துக்கு முன்னால் நின்றார். பிறகு எதிர்பாராத விதமாக வலது கையை நீட்டி, கோமதித்தாயின் நெற்றியில் மோதிர விரலை வைத்து அழுத்தினார், குங்குமம் இல்லாமலே. நாளைக்குச் செய்யப்போவதை ஒரு தடவை பழகிப் பார்க்கிறவர் போல. வாசல்பக்கம் நின்ற தங்கப்பழம் நிலையைப் பிடித்துக்கொண்டான்.

விரலை எடுத்தார். நெற்றி அப்படியே இருந்தது. விரல் சுத்தமாக இருந்தது.

"காஞ்சிருச்சு" என்றார், விரலைப் பார்த்துக்கொண்டே.

"காஞ்சிருச்சு அண்ணாச்சி. தொட்டா ஒட்டாது, ஆனா உள்ளுக்குள்ள இறுக இன்னும் மாசக்கணக்காகும். பொட்டு வையுங்க, உரசித் துடைச்சிர வேண்டாம். பஞ்சால தட்டி எடுங்க. ஆறு மாசம் கழிச்சு வாரேன், மேல ஒரு வார்னிஷ் போட்டுட்டா அப்புறம் கவலையில்ல. அதையும் உங்க வீட்டு வெளியில வச்சுத்தான் போடுவேன், அது வாடை அடிக்கும்."

அவர் மூக்கை உறிஞ்சினார். ஏதோ குறைவது போல மறுபடியும் உறிஞ்சினார். எப்சிபாவுக்குப் புரிந்தது.

"அந்த நல்லெண்ணெய் மணம் போயிருச்சு அண்ணாச்சி. அதுல வரைஞ்சா படம் காயல. எடுத்துட்டு வேற எண்ணெயில வரைஞ்சேன்."

சங்கரசுப்பு தலையாட்டினார். யோசித்துவிட்டு, "பரவால்ல டீச்சர். முன்னால விளக்கு ஏத்துவோம்லா, அதுக்கு நல்லெண்ணெய்தான ஊத்துதோம். மணம் தன்னால வந்துரும்" என்றார். தங்கப்பழத்தின் பக்கம் திரும்பினார். "வே, கீழ கடை உம்மதுதான? ஒரு டின் போடும்."

தங்கப்பழம் எப்சிபாவை ஒரு பார்வை பார்த்தான். தன் எண்ணெய்க்குப் பாத்திரம் கழுவுவதற்கு மேலான ஒரு வேலை கிடைத்துவிட்டது என்ற பார்வை. படியில் தடதடவென்று இறங்கினான்.

வேன் போனபிறகு அவன் மேலே வந்து சாப்பிட்டான். சாப்பிட்ட கையோடு, சன்னலுக்குக் கீழே பாயை விரித்துச் சாய்ந்தான். எப்சிபா புதுக் கேன்வாஸை எடுத்துச் சட்டத்தில் மாட்டினாள். குருவிகுளத்திலிருந்து ஒரு கல்யாணப் படம். பையனுக்கு மூக்கு கோணல், அதை நேராக்கக் கூடாது என்று பெண் வீட்டார் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

கோடு இழுக்கும்போது பின்னாலிருந்து குறட்டைச் சத்தம் வந்தது. கரித்துண்டை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். மூச்சு உள்ளே போயிற்று, வெளியே வந்தது. முரட்டுக் குறட்டை, அடைசல் இல்லாத குறட்டை. விசில் வருகிறதா என்று இன்னும் கொஞ்ச நேரம் கேட்டாள். வரவில்லை. சன்னல் துணி உப்பித் தணிந்தது. அவள் மூக்கைக் கோணலாகவே வரைந்தாள்.